சிமிட்டச் சொல்லும் போன்

பழங்காநத்தத்தில் காலை ஆறு மணிக்குத் துப்புரவுப் பணியாளர்கள் வரிசையில் நின்றார்கள். முனீஸ்வரியின் முறை வந்ததும் சூப்பர்வைசர் சோணை வருகையைப் பதியப் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். கண்ணைச் சிமிட்டச் சொல்லி எழுத்து வந்தது. சிமிட்டினாள். இமை பாதி இறங்கி நின்றுவிட்டது.

"ஏத்தா, மொறைக்காதத்தா. போனு பயந்துக்கிரும்."

வரிசை சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். விரலால் இமையை இழுத்து மூடிப் பார்த்தாள். முகத்தில் கை இருப்பதாகப் போன் மறுத்தது. இது நான்காவது நாள். ஏழு நாள் பதிவாகாவிட்டால் கம்பெனி பெயரை எடுத்துவிடும். அந்தச் சம்பளத்தில்தான் வீடும், தங்கை முத்துச்செல்வியின் நர்சிங் படிப்பும் ஓடின.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார்.

"தைராய்டுல வந்த கோளாறும்மா இது. கிருமியோட சண்ட போட வேண்டிய அணுக்கள் கண்ணுக்குப் பின்னால இருக்கிற கொழுப்பையும் சதையையும் எதிரின்னு நெனச்சுத் தாக்குது. அது வீங்கி, முழிய முன்னுக்குத் தள்ளுது."

"என் ஒடம்பு அணுவா?"

"உங்களுதுதான்."

"ஊசி போட்டா உள்ள போயிருமா?"

"வாரம் ஒண்ணு, பன்னெண்டு வாரம் போடணும். வீக்கம் அடங்கலாம். ஆனா முழி பழையபடி ஆகும்னு சொல்ல முடியாது. பல மாசம் கழிச்சு ஆபரேஷன் யோசிக்கலாம்."

இமை மூடாததற்கு நோய்தான் காரணம் என்று கடிதம் கேட்டு வாங்கி வந்தாள். மறுநாள் சோணை அதை இரண்டு தடவை படித்தான். "நான் ஏத்துக்கிருவேன்த்தா. இந்தச் சனியன் படிக்காதே," என்று போனை ஆட்டினான்.

ஆறாம் நாள் முத்துச்செல்வி சண்டை போடவே கூட வந்தாள்.

"நோயாளிய ஏண்ணே இம்புட்டு அலக்கழிக்கிறீங்க? குடுங்க, என்னதான் கேக்குதுன்னு பாப்போம்."

பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்தாள். கோபத்தில் இரண்டு தடவை சிமிட்டினாள். பச்சை விழுந்தது. 'முனீஸ்வரி, வருகை பதிவானது' என்று எழுத்து வந்தது.

நோய்க்கு முன் போனில் பதிந்த படத்திலிருந்த அக்காவும் இந்தத் தங்கையும் போனுக்கு ஒன்றுதான். சோணை தெருவின் இரு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"சிமிட்டுனவதான் கூட்டணும். ரெண்டு பேரும் நின்னா என் வேல போயிரும்."

முத்துச்செல்விக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு. கூட்டி முடிக்க மணி இரண்டாகும். அவள் அக்காவைப் பார்த்தாள். முனீஸ்வரி ஏற்கெனவே பச்சைச் சீருடைக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளைக்குக்கா?"

"மூணு மாசந்தான். ஊசி முடிஞ்சா சரியாயிரும்."

அந்த நோயைப் பற்றி முத்துச்செல்வி போன பருவத்திலேயே பரீட்சை எழுதியிருந்தாள். மூன்று மாதத்தில் முடிகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். புத்தகப் பையை அக்காவின் தோளில் மாட்டிவிட்டு, கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள்.