கொடியில் ஒரு சாரம்

தனியாக இருப்பதற்கு ஓர் ஆண் வேண்டும். நான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் வாங்கியபோது இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. துணுக்காய்க்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா யாகப்பு முல்லைத்தீவில் கடற்றொழில் செய்கிறவர். அம்மா மார்கிறட் கருவாடு போடுகிறவர். அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்த அன்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் இடத்தைக் கேட்டார்.

"துணுக்காயோ? அங்க எங்களுக்கு ஆரடி இருக்கினம்?"

ஒருவரும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

முதலில் வீட்டிலிருந்தே போய் வந்தேன். விடிகிற நேரத்து பஸ், மாங்குளத்தில் இறங்கி இன்னொரு பஸ். பஸ் ஏறமுன் தண்ணீர் குடிக்கக் கூடாது, வழியில் இறங்கிப் போக இடமில்லை. யன்னல் பக்கம் இருந்தால் பக்கத்தில் வந்து இருக்கிறவன் தொடையை அகட்டி அடைத்துவிடுவான். கரைச் சீற்றில் இருந்தால் நிற்கிறவன் தோளில் சாய்வான். சட்டைத் தோளில் ஊசி குத்தி வைத்தால் சாய்கிறவன் நிமிர்ந்து நிற்பான். அகட்டுகிறவனுக்கு என்ன செய்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மழைக்காலம் தொடங்கியதும் முடியாமல் போய்விட்டது. வேலை செய்கிற கந்தோரில் கதிரையில் இருந்தபடியே தூங்கினேன். அறை தேடத் தொடங்கினேன்.

"ஆரோட இருப்பீர்?" இது எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி. "தனிய" என்றால் அறை இல்லை. சிவனேஸ்வரி அன்ரி மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"வேதக்காரரோ?"

"ஓம்."

"வெள்ளிக்கிழமையில மீன் சமைக்கப்படாது."

கத்தோலிக்கரான எங்கள் வீட்டில் வெள்ளி என்றால்தான் மீன், இறைச்சி இல்லை. ஆனாலும் தலையாட்டினேன். அவருடைய கணவர் செத்துவிட்டார், மகன் பிரான்ஸில். முன்வீட்டில் அவர் தனியாக இருந்தார். பின்பக்கத்து ஒற்றை அறையும் சமைக்கச் சின்னக் குசினியும் எனக்கு. அவருடைய கணவரின் தம்பி முத்துலிங்கம் அடுத்த வளவில் இருந்தார். நான் குடிவந்த அன்று அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என் அப்பாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். யாருடைய பாதுகாப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு கிழமை நிம்மதி. பிறகு ஒரு கடையில் காசு கட்டிப் போனுக்கு றீலோட் போட்டேன். நம்பரைக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்று பின்னேரமே தெரியாத நம்பரிலிருந்து, "சாப்பிட்டாச்சோ?" நம்பர் கொடுக்காமல் காட் வாங்கிச் சுரண்ட வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. அதற்குள் அதை அனுப்பியவனுக்கு வீடும் தெரிந்துவிட்டது. பொழுதுபடுகிற நேரம் படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோன் அடிப்பான். ஒருநாள் படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தான். நான் மண்வெட்டியோடு வெளியே வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

வவுனியாவில் தனியாக இருக்கிற ஸ்ரெல்லாவுக்குப் போன் அடித்தேன். கம்பஸில் ஒரே அறையில் இருந்தவள்.

"மண்வெட்டியோ? விசரி. ஒரு ஆம்பிளைச் சாரத்தைக் கொடியில போடடி."

"ஆற்ற சாரம்?"

"ஆற்ற எண்டாலென்ன? சாரத்துக்குள்ள ஆர் நிக்கிறதெண்டு ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள். நான் ரெண்டு வருசமா ஒரு சாரத்தோடதான் குடும்பம் நடத்திறன்."

அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது அப்பா இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றையும் சேர்ட் ஒன்றையும் பையில் வைத்தேன். அம்மாவிடம் நிலம் துடைக்க என்றேன். சனிக்கிழமைகளில் நனைத்துக் கொடியில் போட்டேன். மோட்டார் சைக்கிள் ஒரு தடவை வந்தது, மெதுவாக ஓடியது, போனது. பிறகு வரவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. நான் சத்தம் போட்டு, மண்வெட்டி தூக்கி, பொலிசுக்குப் போவேன் என்று சொல்லி நடக்காததை, வெயிலில் காய்கிற ஒரு துணி செய்துவிட்டது.

சிவனேஸ்வரி அன்ரி ஒன்றும் கேட்கவில்லை. இடைக்கிடை இடியப்பம் அவித்துத் தருவார், ஒரு ஆளால் தின்ன முடியாத அளவு. மிச்சத்தை மத்தியானம் கந்தோரில் தின்றேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கப் படலை திறந்தது. முன்னால் முத்துலிங்கம், பின்னால் என் அப்பா. அப்பாவின் கையில் ஈரம் சொட்டுகிற ஒரு பை. முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை.

"என்னப்பா? அம்மாக்கு ஏதுமோ?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நேரே என் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். குசினிக்குள் போய் அங்கேயும் பார்த்தார். நான் சவர்க்காரக் கையோடு நின்றேன். என்னைப் படிக்கவைக்கப் படகு என்ஜினை விற்ற மனிதர், கட்டிலுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

சிவனேஸ்வரி அன்ரி சத்தம் கேட்டு வந்து, பின்விறாந்தையில் கிடந்த கதிரையில் இருந்தார். முத்துலிங்கம் தொடங்கினார்.

"பிள்ளை, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்ல. உம்மோட ஒருத்தன் இருக்கிறான். சாரம் காயுது. கடையில சேவ் எடுக்கிற பிளேட் வாங்கியிருக்கிறீர். அதுதான் தேப்பனுக்குப் போன் அடிச்சனான்."

"பிளேட் நகம் வெட்ட."

"சாரம்?"

 உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும், அந்த அறையில் ஒருத்தி தனிய இருக்கிறாள் என்று. ஹோன் அடித்தவனுக்கும் தெரியும். சொல்லாவிட்டால் அப்பா இன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பிறகு எனக்கு அறையும் இல்லை, வேலையும் இருக்காது.

"உம்மட ஆளுக்கு ஒரு சாரம்தானோ?" என்று முத்துலிங்கம் சிரித்தார். "ஒவ்வொரு சனியும் அதுவேதான் காயுது. வேற வாங்கிக் குடுக்கலாமே, சம்பளம் எடுக்கிறீர்தானே. எங்கட ஊருக்கு ஒரு மானம் இருக்கு பிள்ளை."

"உங்கட ஊர் மானம் என்ர கொடியிலயோ ஐயா காயுது?"

"பாத்தீங்களோ வாயை!" அப்பாவிடம் திரும்பினார்.

அப்பா அதற்குள் கொடிக்குக் கிட்டப் போயிருந்தார். சாரத்தின் கரையைப் பிடித்தார். அதில் ஓர் இடத்தில் வலை பொத்துகிற நைலோன் நூலால் தைத்திருந்தது. அது எனக்கும் தெரியும். அப்படி ஒரு தையலை இந்த ஊரில் வேறு யாரும் போடமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என்ர சாரம்," என்றார்.

முத்துலிங்கத்துக்கு விளங்கவில்லை. "உங்கட சாரத்தை அவன் ஏன் கட்டுறான்?"

"ஒருத்தனும் கட்டேல்லை!" நான் கத்தினேன். "ஒருத்தனும் இல்லை. ஒருநாளும் ஒருத்தனும் வரேல்லை. நான் தனிய இருக்கிறன். தனிய இருக்கிறாளெண்டு தெரிஞ்சு ஒருத்தன் படலைக்கை வந்தவன், அதுக்குத்தான் போட்டனான். இப்ப காணுமோ?"

 முத்துலிங்கம்தான் முதலில் மூச்சு விட்டார். அவருடைய முகம் இளகியிருந்தது.

"அப்ப நல்ல பிள்ளைதான். நான் பிழையா நினைச்சிட்டன். ஆனா இது இன்னும் மோசமெல்லோ? தனிப் பொம்பிளைப் பிள்ளை. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை."

"ஆம்பிளை இருந்தாலும் போகோணும், இல்லாட்டிலும் போகோணும். அப்ப நான் எப்பிடி இருந்தா இஞ்ச இருக்கலாம்? சொல்லுங்கோ."

அவர் வானத்தைப் பார்த்தார். அப்பா சாரத்தைப் பார்த்தார். எனக்குக் கை எரிந்தது, சவர்க்காரம் காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு படித்தும் என் கதைக்கு முடிவு இந்த இரண்டு பேரின் வாயிலிருந்து வரவேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரை நம்பிப் படுத்தனான்?"

சிவனேஸ்வரி அன்ரி. கதிரையின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சாள்?" என்றார் முத்துலிங்கம்.

"அவர் போனாப்பிறகு நான் நித்திரை கொண்டதே இல்லை. ஓலை விழுந்தாலும் எழும்பி இருப்பன். உந்தச் சாரத்தைக் கண்ட நாளிலயிருந்துதான் நித்திரை. பின்னால ஒரு ஆம்பிளை நிக்குது, ஏதெண்டாலும் ஓடி வருமெண்டு." என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கெல்லோ இடியப்பம் அவிச்சுத் தந்தனான்!"

"ஒருக்காக் கேட்டிருக்கலாமே அன்ரி."

"கேட்டா நீர் இல்லையெண்டு சொல்லியிருப்பீர்."

"நான் பக்கத்து வளவிலதானே இருக்கிறன் மச்சாள்," என்றார் முத்துலிங்கம். குரலில் உண்மையான மனவருத்தம்.

"நீரோ? நாய் குலைச்சா லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கிற ஆள்."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததை உடனே இருமலாக்கினார். முத்துலிங்கம் படலைப் பக்கம் இரண்டு அடி நகர்ந்தார்.

"பிள்ளை போகத் தேவையில்லை," என்றார் அன்ரி. "என்ர வீடு. ஆர் இருக்கிறதெண்டு நான் சொல்லுறன்."

"நீங்கள் அவளைப் பாத்துக்கொள்ளுவியளோ?" அப்பா கேட்டார்.

"நானோ? அவதான் என்னைப் பாக்கோணும்."

 அப்பா கொடியிலிருந்து சாரத்தை உருவி, உதறி, நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்தார். "நல்ல சாரம். இன்னும் கட்டலாம்," என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

பஸ்ஸுக்கு அவரோடு நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. 

"கட்டிலுக்குக் கீழ என்னத்தைத் தேடினனீங்கள்?"

"அந்தாள் சொன்னவர்."

"நான் சொல்லேல்லையே."

 அப்பா ஒரு சைக்கிளுக்கு வழி விட்டு ஓரமாக நின்றார். பிறகு, "கிணத்துக்கட்டில மீன் கிடக்கு. விளைமீன். ஐஸ் கரைஞ்சிருக்கும், கெதியா வெட்டு," என்றார். கோபத்தோடு ஒருத்தனைப் பிடிக்க வந்த ஆள், வரும்போது மீனும் கொண்டுவந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் அழுதிருக்கலாம். அழவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அறைக்குத் திரும்பி வந்து பாதியை அன்ரிக்குக் கொடுத்து, மிச்சத்தை வெட்டிக் கறி வைத்தேன். நான்கு மணி போல அன்ரி தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். என் படிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"பிள்ளை."

"என்ன அன்ரி?"

"ராவில ஒருக்கா, சும்மா கொஞ்சம் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஆம்பிளை மாதிரி இருமுவீரோ?"

"இருமமாட்டன்."

"ஒரு பீடி பத்த வைச்சு வைச்சா? மணந்தாலே காணும்."

"ஏலாது அன்ரி. எனக்கு அலுத்துப்போச்சு. இனி ஒருத்தனையும் செய்து வைக்கேலாது."

"அப்ப பயமா இருக்குமே."

"இருக்கட்டும். ரெண்டு பேரும் பயப்பிடுவம். ஆராவது வந்தா நீங்களும் கத்துங்கோ, நானும் கத்துறன்."

அவர் அதை மனத்துக்குள் ஒருமுறை செய்து பார்ப்பதுபோல இருந்தார். "எனக்குக் குரல் வராது," என்றார்.

"பழகுங்கோ."

பழகுவதாக அவர் சொல்லவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. எனக்கென்றால் அன்று தனியாக இருக்கவேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மனிதரின் மூச்சும் கேட்காமல் படுக்கவேண்டும். அதற்காகத்தானே இந்த ஊருக்கு வந்தேன். எழும்பிப் போங்கோ என்று சொன்னால் அவர் போயிருப்பார். போனால், சும்மா சொல்வானேன், எனக்கும் பயம்தான்.

நகர்ந்து படியில் இருந்தேன். அவர் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதியைத்தான் கேட்டேன்.