மூன்றாம் எண் நுரையீரல்

…அப்படியானால் தன் கை தப்பிவிட்டது என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு வரி, அதைக் கேட்கும்போது சந்திரலேகா மேடம் தராசைத்தான் பார்த்தாள், முத்துவீரனின் முகத்தைப் பார்க்கவில்லை. தராசில் மூன்றாம் எண் எலியின் நுரையீரல், இரண்டு கிராம் முப்பத்தொன்று, நீர் கோத்துக் கருஞ்சிவப்பாக… ஏழு நாள் ஆடாதோடைச் சாறு குடித்த பிறகு நஞ்சு ஏற்றிய எலியுடையதா இது? சாறே குடிக்காமல் நஞ்சு மட்டும் ஏற்றியவைதான் இப்படிக் கனத்தன. சாறு குடித்த மற்ற ஐந்தும் ஒன்றரை கிராமைத் தாண்டவில்லை. இந்த ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இலை நுரையீரலைக் காக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, அவளுக்கோ அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், நான்கு வருட உழைப்பு, அமராவதிபுதூர் வேலியோரம் அவளோடு நின்று இலை பறித்தவன் அவன், அது அவனுக்குத் தெரியாமல் என்ன… தெரிந்தால் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

"சாறு ஊத்துறப்ப குழாய் மூச்சுக்குழல்ல போயிருச்சுன்னு எழுதிட்டா அந்த எலியைக் கணக்குல சேக்காம விட்டுறலாம். விதியிலயே இடமிருக்கு. உங்களுக்கு ஒண்ணும் வராது."

வராதுதான், கெடுவதற்கு அவனிடம் என்ன பேர் இருக்கிறது, மூன்றாம் வருடத்தில் ஏழு அரியரோடு பி.ஃபார்மை விட்டு, அதே கல்லூரியின் எலிக்கூடத்தில் ராத்திரி வேலைக்கு வந்தவன், அவன் கை தப்பியது என்றால் காரைக்குடியில் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள்? அதுதான் உறைத்தது. அவள் பொய் கேட்டதுகூட இல்லை, அந்தப் பொய் அளவெடுத்துத் தைத்ததுபோல் அவனுக்குப் பொருந்துகிறதே, அது. அவன் கெட்டிக்காரனாக இருக்கும் ஒரே இடம் அந்தக் குழாய்… பிடரியைப் பிடித்து, கடைவாய் ஓரமாக வழுக்கவிட்டு, விடியற்காலை ஷிப்ட் முடிவதற்குள் ஆறு எலிகள், ஏழு நாள், நாற்பத்திரண்டு தடவை. பேராசிரியர் மெய்யநாதனே குழாய் தவறி இரண்டைக் கொன்றிருக்கிறார். இவன் ஒன்றையும் கொன்றதில்லை.

"கை தப்பலை மேடம். இலை காப்பாத்தலைன்னா காப்பாத்தலைன்னு எழுதுங்க."

எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று அவள் கேட்டாள். கேட்ட தொனியில் அவன் குறைவதற்கு ஏற்கெனவே மிச்சமில்லை என்பதும் இருந்தது.

"நஞ்சை ஏத்துனது நீங்கதான? ஒரேயடியா கூடுதலா ஏத்திட்டீகன்னு எழுதிக்கங்க. அதுக்கும் விதியில இடமிருக்கும்."

அவன் பதிவேட்டை இழுத்து, மூன்றாம் எண்ணுக்கு நேராக, ஏழு நாளும் குழாய் சரியாகச் சென்றது என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டான், தாளின் மறுபக்கம் புடைத்தது. ஒரு எலிக்காக என்னைய நாலு வருசம் பின்னால தள்ளுறீக, என்று மட்டும் சொல்லிவிட்டு, நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி ஃபார்மலின் புட்டியில் போட்டு மூடிவிட்டு அவள் வெளியே போனாள்.

போகட்டும், அவன் எதற்கு வளைய வேண்டும்… வியாழக்கிழமை மூன்றாம் எண் தலையைத் திருப்பியது, அவன் குழாயை உருவி மறுபடி நுழைத்தான், அது நினைவிருக்கிறது. நுழைத்ததும் வெளிமுனையைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும், குமிழி வந்தால் மூச்சுக்குழல், வராவிட்டால் வயிறு. முக்கினானா? முக்கியிருப்பான், கை தானாகச் செய்கிற காரியம், ஆனால் தானாகச் செய்கிற கை ஒருநாள் செய்யாமல் விட்டால் அதை யார் பார்த்தது… புட்டியில் கிடக்கும் துண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே இலைத் துணுக்கு இருக்கிறதா என்று ஒருவேளை தெரியும், இருந்தால் சாறு மூச்சுக்குழலில்தான் போயிருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது, அவள் இன்னும் தாழ்வாரத்தைத் தாண்டவில்லை, கூப்பிட்டால் கேட்கும்.

அவன் புட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.