நான்கு மணி மீட்டிங்

ஜான்சியும் நானும் ஒன்றாகத்தான் வேதியியல் படித்தோம். சென்னையில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குச் சேர்ந்தே போனோம். அவளை எடுத்தார்கள். நான் மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் அயோடின் அளவு பார்க்கிறேன்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை, ஆனால் அவள் வீட்டில் நெட் இல்லை. இரண்டு வருடமாக எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். அம்மா அவளுக்கு மட்டும் இஞ்சி தட்டி டீ போடுகிறாள்.

போன வாரம் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். ஜான்சியின் குழுவில் பன்னிரண்டு பேர் மறுத்து மெயில் எழுதினார்கள். நெட் தடையில்லாமல் இருப்பவர்களை மட்டும் வீட்டிலிருந்தே செய்ய விடுகிறேன், செவ்வாய்க்கிழமை நான்கு மணி மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை.

"மெட்ராஸ்ல போய் யாருடி ஹாஸ்டல் சோறு துன்றது?" என்று சிரித்தபடி ஜான்சி உள்ளே போனாள். அந்தச் சோற்றுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று அவளிடம் சொன்னதில்லை.

நான்கு பத்துக்கு, கூடத்தில் இருந்த மோடத்தின் சுவிட்சை அணைத்தேன்.

ஜான்சி வெளியே வந்தாள். "கரண்ட் போச்சாடி?"

"ஆமா."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"சாரி சார், கரண்ட் போயிடுச்சு. எங்க வீட்ல இப்டி ஆனதே இல்ல" என்று உள்ளே அவள் குரல் கேட்டது.

எங்கள் வீட்டைத்தான் அப்படிச் சொன்னாள். நான் மறுபடியும் சுவிட்சை அணைத்தேன். அவள் வரும்வரை அங்கேயே நின்றேன்.