ஆமாம், இவர்தான்

மேசைமேல் இருந்த கருவிக்குள்ளிருந்து என் கணவர் தொண்டையைச் செருமினார். அவரை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பேச்சைத் தொடங்குவதற்கு முன் எப்போதும் அப்படித்தான், இரண்டு செருமல், நடுவில் சின்ன இடைவெளி. சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது அந்தக் கருவி.

"என்ன, எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார்.

எதிரில் இருந்த துப்பறியும் பெண் அதிகாரி என் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். "இது உங்க வீட்டுக்காரர்தானாம்மா? வாயால சொல்லணும். அப்பதான் கோர்ட்ல செல்லும்."

"ஆமாம், இவர்தான்" என்றேன். அழுகையில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். மேலே காவலுக்கு நின்றது அவரோடு வேலை பார்த்த என் அண்ணன். சுவிட்சில் 'ஆள் உள்ளே' என்ற அட்டையை மாட்டிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கப் போனதாக அண்ணன் சொன்னான். பார்த்தவர்கள் இல்லை. அதனால் இறந்தவரையே விசாரிப்பது என்று முடிவாயிற்று. அவருடைய போனில் இருந்த குரல், வருடக்கணக்காக அனுப்பிய செய்திகள், எல்லாவற்றையும் கொடுத்து இந்தக் கருவியைத் தயாரித்திருந்தார்கள். நெருங்கிய உறவு அடையாளம் காட்டினால் அதன் பேச்சு சாட்சியமாகும். புதுச் சட்டம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர். அன்றைக்கும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "பாப்பா, மாப்ள வாயால கேட்டா நம்புவாங்கல்ல? அவர் என்னை விட்டுக்குடுக்க மாட்டார்" என்று பேருந்தில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தான்.

அதிகாரி கருவியிடம் கேட்டார். "அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"மச்சான் அட்டையை மாட்டியிருக்க மாட்டாரு. எதுலயும் அவருக்குத் தலை போற அவசரம். சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சு போச்சு."

டம்ளர் என் கைபட்டு உருண்டது. தண்ணீர் மடியில் கொட்டியதுகூட உறைக்கவில்லை. அண்ணனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிக் கேட்டதில்லை. அண்ணன் எதையாவது மறந்துவிட்டு நின்றால் சிரிப்பார், அவ்வளவுதான். பிறகுதான், ஈரம் தொடையில் பரவப் பரவ, அந்த நாக்கு யாருடையது என்று எனக்குப் பிடிபட்டது. செருப்பை வாசலில் இறைத்துப் போடும் பிள்ளைகளிடம் 'நாக்கே தேஞ்சு போச்சு' என்று தினமும் சொல்வது நான்.

அவர் கையெல்லாம் எப்போதும் கிரீஸ். வேலை முடிந்து வந்து சோப்புத்தூளில் கையைத் தேய்த்துக்கொண்டே, "சூப்பர்வைசருக்கு ஏதாவது போட்டு அனுப்பிடு" என்பார். அவர் ஒரு வரி சொன்னால் அவர் போனில் நான் நாலு வரி எழுதுவேன். அண்ணன் தாமதமாக வந்தான் என்பார். அட்டையை மாட்டுகிறானோ இல்லையோ என்ற என் கவலையையும் சேர்த்து அனுப்புவேன். பிறகு படித்துப் பார்த்துச் சிரிப்பார். "நான் இவ்ளோ பேசுவேன்னு எனக்கே தெரியாது."

அந்தச் செய்திகளை எழுதியது நான்தான் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணனைக் காப்பாத்தணும்னு தோணும், புரியுது. ஆனா நீங்க ஆமான்னு சொன்னது பதிவாயிடுச்சும்மா."

"அவருக்கு மச்சான்மேல கோபமான்னு கேளுங்க மேடம்" என்றேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி கேட்டார். கருவி பேசத் தொடங்கியதும் நானும் தொடங்கினேன்.

"கோபம் இல்ல, பயம். என்னைக்காவது ஒருநாள் வீட்டுக்கு போன் வரும். எடுக்கப் போறது அவதான். அவ என்ன ஆவா?"

அவர் குரலும் என் குரலும் ஒரு சொல்கூடப் பிசகாமல் சேர்ந்து ஒலித்து, சேர்ந்தே நின்றன. சூப்பர்வைசருக்கு அவர் பெயரில் என்றோ நான் அனுப்பிய செய்தி அது. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

அண்ணன் அட்டையை மாட்டினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கருவிக்கும் தெரியாது.

அதிகாரி மெதுவாகச் சொன்னார். "இது அவர் இல்லன்னு சொல்லுங்கம்மா. பதிவை மாத்திடறேன். ஆனா அப்படிச் சொன்னா இதை இப்பவே அழிச்சாகணும். குரலோட சேர்த்து."

கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் எழுந்து நின்றான். என் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டான். தப்பாகப் போட்ட பொத்தானில் சட்டை ஒருபக்கமாக ஏறியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். கருவிக்குள் அவர் தொண்டையைச் செருமினார். ஒருமுறை. சின்ன இடைவெளி. மறுபடி ஒருமுறை.