டிராயருக்குள் இருந்த போன்

பத்தே முக்காலுக்குப் பெரிய டாக்டர் பேரில் அந்த மெயில் வந்து விழுந்தது. 'மிக அவசரம். கீழே உள்ள லிங்க்கில் உங்கள் பாஸ்வேர்டைப் போடவும். பத்து நிமிடத்தில் போடாதவர்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.' அந்தக் கண் ஆஸ்பத்திரியின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில்.

ரிசப்ஷன் அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். போன வருஷம் இப்படி வந்த ஒரு திருட்டு மெயிலை யோசிக்காமல் தட்டித் தொலைத்தது அவள்தான். மூன்று நாள் ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை இருக்காது என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. இப்போது அந்த லிங்க்கைத் திறந்தாலும் வம்பு, திறக்காவிட்டாலும் வம்பு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். அனுப்பிய முகவரி டாக்டருடையதேதான், ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. ஆனால் கடைசியில் பொடி எழுத்தில், 'என் மொபைலில் இருந்து அனுப்பியது' என்று இருந்தது. அட! ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் டாக்டர் போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தானே போவார்? டிராயரை இழுத்தாள். உள்ளே தேமே என்று கிடந்தது போன்.

மேனேஜர் தன் மேஜையிலிருந்து கத்தினார். "என்னம்மா, இன்னும் திறக்கலையா? டாக்டரே அனுப்பியிருக்காரு!"

"திறக்க மாட்டேன் சார். அவர் ஒம்பது மணியிலேருந்து ஆபரேஷன்ல இருக்காரு. போன் இதோ, என் டிராயர்ல இருக்கு. அப்போ இதை அனுப்பினது யாரு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்டர்காமில் தியேட்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"கையில கத்தியை வச்சுக்கிட்டு மெயிலா அனுப்புவாரு? போங்கக்கா!"

அக்கா எழுந்து நின்றாள். "யாரும் அதைத் தொடாதீங்க! கையை எடுங்க எல்லாரும்!" தன் குரலா இது என்று அவளுக்கே திகைப்பு. நெஞ்சு நிமிர்ந்தது. ஆமாம், நான்தான் கண்டுபிடித்தேன், இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே!

பில் போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், கண்ணாடி அளக்கிறவர், அத்தனை பேர் கையும் கீபோர்டை விட்டு மேலே போயிருந்தது. பாஸ்வேர்டைப் பாதி அடித்திருந்த மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.