பூட்ஸ் கடைக் காலண்டர்

என் மச்சான் தேசப்பன் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்பே சுவரைப் பார்ப்பான். அங்கே பொன்னேரி பூட்ஸ் கடைக்காரர் கொடுத்த முருகன் காலண்டர் தொங்கியது.

"சும்மாவா குட்த்தான் மாப்ள?"

"சும்மாதான் குட்த்தான். வோணும்னா நீ எட்த்துக்கினு போ."

"எனக்கு எதுக்கு? நான் இன்னா அவனுக்குக் கூட்டாளியா?"

நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை செய்தோம். மூக்கில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பொன்னேரியில் வாங்கி வருவது என் பொறுப்பு. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். எழுபத்து நாலில் கடைக்காரர் திடீரென்று விற்பனை வரி போட்டார். போன வருசம் இல்லாத வரி இந்த வருசம் எப்படி முளைத்தது? வரி என்ற பேரில் லோகநாதன் கமிஷன் அடித்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். லோகநாதன் நான்தான்.

வேறு எவன் சொன்னாலும் போடா என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பேச்சை ஆரம்பித்தது என் பெண்டாட்டி சம்பூர்ணத்தின் கூடப் பிறந்த தேசப்பன். அன்றிலிருந்து சம்பூர்ணம் சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வரி நாசமாய்ப் போகட்டும், அவள் என்னை நம்பினால் போதும் என்று இருந்தது எனக்கு.

"அந்தக் காலண்டர கழட்டிடேன்யா" என்றாள் ஒருநாள்.

"கழட்டினா திருடன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவும். தொங்கட்டும்."

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "செருப்புக்கு வரி உண்டுப்பா" என்றார்.

"இது செருப்பாய்யா? இத மாட்டிக்கினு எவனாவது கல்யாணத்துக்குப் போவானா?"

"என்னாண்ட ஏன் கத்துற? வரி ஆபீசுல போய்க் கேளு."

கேட்டேன். வேலைப் பாதுகாப்புக்கான பூட்ஸ் என்றால் இந்த வரி கிடையாதாம். ஆனால் எங்கள் பூட்ஸ் அந்த ரகந்தானா என்று அதிகாரி நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த மனிதர் வந்தாரே, வாரத்தில் வேறு நாளே கிடைக்காத மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை, முன்தகவல்கூட இல்லாமல்!

வெள்ளிக்கிழமை எங்கள் உலைக்குக் கற்பூரம் காட்டுவோம். முதல் வாளி இரும்பு ஊற்றி முடிகிற வரைக்கும் ஒருவன் காலிலும் தோல் இருக்காது. பூட்ஸெல்லாம் வாசலில் வரிசையாக நிற்கும். உலையைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் அண்ணன் வைத்த வழக்கம் அது. அவர் காலில் போய் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"அண்ணே, இன்னிக்கி ஒரு நாளு மட்டும் பூட்ஸோட நிக்கலாம்ணே."

"ஆத்தா எரிஞ்சிக்கினு கீறா. தோல மாட்டிக்கினு அவ முன்னால நிக்கச் சொல்றியா? உன் வரி பெருசா, அவ பெருசா?"

நானும் கழற்றினேன்.

அதிகாரி வாசலில் நின்றபடியே எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது இல்லாம வேலையே செய்ய முடியாதுன்னு மனு குடுத்தது யாருப்பா? ஒருத்தர் கால்லயும் காணோமே" என்றார். தேசப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனை அப்படியே தூக்கி உலையில் போட்டுவிடலாமா என்று வந்தது.

"சார், நீங்களும் கழட்டிட்டுத்தான் வரணும்" என்றார் குப்புராஜ் அண்ணன்.

பாவம், அதிகாரி பக்திமான். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். எங்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? உருகிய இரும்பு வாளியில் இறங்கியதும் பொறி தெறித்தது. ஒன்று அவருடைய காலுறையில் வந்து விழுந்தது. ஐயோ அம்மா என்று துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடியவர், கைக்கு எட்டிய பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டார். அது என்னுடையது.

"வலிக்குதா சார்? எண்ணெய் வைக்கட்டுமா?" என்றேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க ஷூ பக்கத்துலதான இருந்துச்சு? அத ஏன் சார் மாட்டல?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார். காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து, வரி தவறு, திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார். கடைக்காரரும் அன்றைக்கே முணுமுணுத்துக்கொண்டே எல்லோர் பணத்தையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் சம்பூர்ணம் என் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டாள். அப்பாடா என்று இருந்தது. இனி எவனிடம் என்ன வீம்பு என்று, காலண்டரைக் கழற்றி அடுப்பில் போட்டேன்.

மறுநாள் தேசப்பன் தன் பங்கை வாங்க வந்தான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். காப்பி வந்தது. அவன் சுவரைப் பார்த்தான்.

"இவ்ளோ நாளு கழட்ட மாட்டேன்னு நின்னியே மாப்ள. ஆபீசரு வந்துட்டுப் போனதும் ஏன் கழட்டிட்ட?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பூர்ணம் வெறும் ஆணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.