தங்க எழுத்துப் பெட்டி

மாத்திரைத் தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசருக்குத் தெரியாத ரகசியம் உண்டா? எல்லாம் அவர் கண்ணெதிரேதான் நடக்கும். ஒரே இயந்திரம், ஒரே மாத்திரை. காலையில் தங்க எழுத்துப் போட்ட பெட்டிக்குள் போகும். மதியத்துக்கு மேல், மருந்தின் பெயர் மட்டும் அச்சடித்த வெள்ளைப் பெட்டிக்குள் போகும். விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இவ்வளவும் தெரிந்த மனிதர், மனைவிக்கு ரத்த அழுத்தம் என்றதும் என்ன செய்தார்? நேரே கடைக்குப் போய்த் தங்க எழுத்தைக் கேட்டார். "வெள்ளைப் பெட்டியே போதுமே சார்" என்ற கடைக்காரரை முறைத்தார். "அதெல்லாம் மத்தவங்களுக்கு. இது என் வீட்டுக்காரிக்கு." அந்தச் செலவுக்காக டீயை நிறுத்தினார், பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தார். பாசம் வந்துவிட்டால் புத்தி விடுப்பு எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

வேலையிடத்தில் ஒரு அட்டை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் மட்டும், ஒரு பெட்டி இத்தனை நாள் வருகிறதே என்று யோசிக்கவில்லை. உசத்திப் பெட்டியாயிற்றே, நின்று உழைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்த முறை பரிசோதனையில் அழுத்தம் ஏறிக் கிடந்தது. டாக்டரம்மா முகம் சுளித்தார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"தினமும் போடறா டாக்டர். அதுவும் உசத்தி மாத்திரை" என்று முந்திக்கொண்டார் சூப்பர்வைசர்.

"அதுக்கும் கேக்கலைன்னா அளவைக் கூட்டித்தான் ஆகணும். இப்படியே விட்டா மூளைக்கு ஆபத்து."

டாக்டரம்மா பேனாவை எடுத்ததும் மனைவி பதறிப்போனாள். "கூட்டாதீங்க டாக்டர். நான் தினம் பாதிதான் போடறேன்."

சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாதியா? ஏன்டி?"

"நீங்க வேகாத வெயில்ல நடந்து போறதைப் பார்த்துட்டு முழுசா முழுங்க முடியலே."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மெதுவாக.

"எது ரெண்டும்?" என்றாள் மனைவி.

"வெள்ளைப் பெட்டி, தங்கப் பெட்டி. உள்ள இருக்கிறது ஒரே மாத்திரை. நான்தானே நின்னு போட்டு அனுப்பறேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் காகிதங்களைப் புரட்டினார். மனைவி சிரிக்கவில்லை. "தெரிஞ்சுமா?"

"உனக்குப் போய் மட்டமான பெட்டியை நீட்ட மனசு வரலே."

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"நல்ல மனசுதான். ஆனா எனக்குப் பாதிதானே வந்து சேர்ந்துச்சு. வெள்ளைப் பெட்டியில முழுசா வாங்கிக் குடுங்க."